ஷட்டரத் தூக்கவே மனசு வரல அக்கா!

போன இதழ்ல சின்னதா தொழில் பண்றவங்க மனசுல இருக்கிறத எழுதுங்கன்னு ஒரே ஒரு வரி தான் கேட்டிருந்தேன், இத்தனை பேரு எழுதுவீங்கன்னு நெனைக்கவே இல்ல. நானும் மதுரைல 19 வருஷம் தையல் கடை நடத்துனவ தான், அதனால ஒவ்வொரு லெட்டரையும் ரெண்டு தடவ படிச்சேன். எல்லாருக்கும் பதில் போட பக்கம் பத்தாது, நாலு பேருக்கு மட்டும் எழுதுறேன்.

கேள்வி: அக்கா, நாலு வருஷமா வீட்டுலயே இட்லி மாவு அரைச்சு சுத்தி இருக்க 11 மளிகைக் கடைக்குப் போடுறேன். மூணரை மணிக்கு எந்திரிக்கணும். தினம் 60 பாக்கெட், ஒரு கிலோ பாக்கெட்ட கடைக்கு 38 ரூபாய்க்குக் குடுக்குறேன். அரிசி 20 கிலோ உளுந்து 5 கிலோ, அதுக்கே 1,500 ஆயிடுது. தினமும் ஒம்போது பாக்கெட் ரிட்டர்ன் வருது, கரண்ட், கவர், பெட்ரோல் எல்லாம் போக மாசம் ஆறாயிரம் ஏழாயிரம் தான் நிக்குது. முன்னாடி இருந்த ஆர்வம் சுத்தமா போயிருச்சு, அலாரம் அடிச்சா அழுகையா வருது. சூப்பர் மார்க்கெட்ல பெரிய கம்பெனி மாவு வேற வந்துருச்சு. வீட்டுக்காரரு விட்டுட்டு வேலைக்குப் போன்னு சொல்றாரு. நான் சோம்பேறி ஆயிட்டேனா? இல்ல லோன் போட்டு பெரிய கிரைண்டர் வாங்குனா சரியாகுமா?
(ஈரோடு பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி)

பதில்: நாலு வருஷமா மூணரைக்கு எந்திரிக்கிறவள யாரு சோம்பேறின்னு சொல்லுவா, நீயும் சொல்லாதம்மா. உன் லெட்டர வச்சுக்கிட்டு கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தேன். 1,500 ரூபா சரக்குல 60 பாக்கெட்னா ஒரு பாக்கெட்டுக்கு அரிசி உளுந்து மட்டும் 25 ரூபா, ஒம்போது பாக்கெட் திரும்பி வந்தா 225, மாசத்துக்கு 6,750. மாசக் கடைசில கைல நிக்குதுன்னு நீ எழுதியிருக்கிற தொகையும் கிட்டத்தட்ட அதே தான், பாத்தியா? நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போற அளவுக்கு பணம் புளிச்ச மாவா சாக்கடைக்கும் போய்க்கிட்டு இருக்கு. அது உன் உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு, நோட்டுல தான் இன்னும் எழுதல. பாடுபட்டதுல பாதி வீணாப் போகுதுன்னு தெரிஞ்ச உடம்பு மூணரைக்கு எப்படிம்மா எந்திரிக்கும்?

எனக்கும் இதே மாதிரி ஆச்சு. கடை போட்டு மூணாவது வருஷம், கதவத் திறக்கவே புடிக்காம சாவிய கைல வச்சுக்கிட்டு வாசல்லயே நின்னிருக்கேன், எனக்குத் தையலே புடிக்காம போச்சுன்னு தான் நெனச்சேன். ஒரு நாள் அலமாரிய ஒதுங்க வைக்கும்போது எண்ணிப் பாத்தா தைச்சு முடிச்சு வாங்க வராம கிடந்த பிளவுஸ் மட்டும் 43. அன்னைக்குக் கூலி 80 ரூபா, மூவாயிரத்துக்கு மேல என் கை உழைப்பு மடிச்சு அடுக்கி வச்சிருந்தேன். மறுநாள்ல இருந்து பாதிக் காசு அட்வான்ஸ் குடுத்தா தான் துணிய வெட்டுவேன்னு போர்டு எழுதி வச்சேன். நாலஞ்சு பேரு கோவிச்சுக்கிட்டுப் போனாங்க, ஆனா ரெண்டு மாசத்துல எனக்கு மறுபடி மிஷின்ல உக்கார புடிச்சுது. அதே மிஷின், அதே நூல் தான். ஆர்வம்ங்கிறது மனசுல தானா ஊறும்னு நெனச்சுக்கிட்டு இருந்தவ அன்னைக்குத் தான் மாறுனேன், அது கணக்குலயும் தூக்கத்துலயும் இருந்து தான் வருது.

நீ ஒரு நோட்டு போடு. 11 கடைக்கும் தனித்தனி கட்டம், 14 நாளைக்கு எத்தனை போட்ட, எத்தனை திரும்புச்சுன்னு மட்டும் எழுது. நான் பாத்த வரைக்கும் எல்லாக் கடையும் ஒரே மாதிரி திருப்பாது, ரெண்டு மூணு கடை தான் பாதிக்கு மேல திருப்பி அனுப்பும், ஃபிரிட்ஜ் இல்லாத கடையா இருக்கும், இல்லன்னா பழைய பாக்கெட்ட அடில போட்டு புதுச மேல வைக்கிறவங்களா இருக்கும். கிழமையையும் பாரு, ஞாயித்துக்கிழமை வாங்குனது வீட்டுல மிச்சம் இருக்கும்போது திங்கக்கிழமை யாரு வாங்குவா? அமாவாசை, கிருத்திகைன்னா ராத்திரி டிபன் வீடுங்க அதிகம், அன்னைக்கு மாவு பத்தாம கூட போகும். தினம் கண்ண மூடிக்கிட்டு 60 அரைக்கிறத விட்டுட்டு திங்கக்கிழமை 45, சனிக்கிழமை 70னு அந்த நோட்டு சொல்ற மாதிரி அரை. சித்திரை வெயில்ல ஐஸ் தண்ணி ஊத்தி அரைச்சாலும் மத்தியானமே கவர் உப்பிடும், அந்த ரெண்டு மாசம் ரிட்டர்ன் கூடத்தான் செய்யும், அதுக்கு மனச விட்றாத, ஃபிரிட்ஜ் இருக்குற கடைக்கு மட்டும் போடு.

பெரிய கிரைண்டர் இப்ப வேண்டாம்மா. மத்திய அரசோட முத்ரா கடன் திட்டத்துல சிசு பிரிவுல 50,000 வரைக்கும் ஈடு இல்லாம லோன் குடுப்பாங்க, உண்மை தான், ஆனா ரிட்டர்ன் குறையாம அரைக்கிற அளவ கூட்டுனா வீணாப் போறதும் கூடும், அதுக்கு மேல தவணை வேற. முதல்ல ஒம்போத மூணாக்கு. அதுவே மாசம் 4,500 மிச்சம்.

அப்புறம் உனக்கு சம்பளம் எங்க? அரிசிக் கடைக்காரருக்கு குடுக்குற, கவர் கடைக்கு குடுக்குற, பெட்ரோல் பங்க்ல குடுக்குற, மிச்சம் இருந்தா தான் உனக்கா? மாசம் ஒண்ணாந்தேதி 3,000மோ 4,000மோ உன் பேர்ல இருக்குற தனி அக்கவுண்ட்டுக்குப் போயிரணும், அதுல இருந்து ஒரு ரூபா கூட உளுந்துக்கு எடுக்கக் கூடாது. நாலு வருஷத்துல எத்தனை நாள் லீவு எடுத்தன்னு நீ எழுதவே இல்ல, ஒரு நாள் கூட இருக்காதுன்னு நெனைக்கிறேன். ரிட்டர்ன் அதிகமா வர்ற கிழமை எதுவோ அன்னைக்கு லீவு விடு, கடைக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டா அவங்களும் பழகிருவாங்க. அன்னைக்கு அலாரம் வைக்காத.

அந்தப் பெரிய கம்பெனி மாவு பத்தி பயப்படுறது எனக்குப் புரியுது. அவங்ககிட்ட குளிர்பதன வண்டி இருக்கு, விளம்பரம் இருக்கு, அதோட நீ மோத முடியாது, மோதவும் வேண்டாம். இன்னைக்குக் காலைல அரைச்ச மாவுன்னு உன்னால சொல்ல முடியும்ல, அரைச்ச தேதிய கவர்ல பெருசா அச்சடி. மூணு மாசம் இப்படிப் பண்ணு. அதுக்கப்புறமும் கைல 10,000 நிக்கலன்னா வேலைக்குப் போ, அதுல ஒரு அவமானமும் கிடையாது, ஆனா அந்த முடிவ நோட்டப் பாத்து எடு, அழுதுகிட்டே எடுக்காத.

கேள்வி: அக்கா, திருப்பூர்ல 8 மிஷின் போட்டு பனியன் ஜாப் ஒர்க் பண்றேன், கம்பெனிங்க குடுக்குற துணிய கூலிக்குத் தைச்சுக் குடுக்குற வேலை. வேலை இருக்கு, ஆனா ஒரு கம்பெனி மட்டும் 3 லட்சத்து 40 ஆயிரம் ஏழு மாசமா நிறுத்தி வச்சிருக்கு. கேட்டா அடுத்த வாரம்ங்கிறாங்க. சனிக்கிழமை சம்பளம் போடணுமேன்னு வியாழக்கிழமையே தூக்கம் போயிடுது. தொழில் மேலயே வெறுப்பா இருக்கு.

பதில்: தம்பி, உங்க வெறுப்பு தொழில் மேல இல்ல, அடுத்தவங்க பாக்கிய உங்க தூக்கத்த வித்து நீங்க கட்டுறதால வர்றது. உத்யம்னு சின்னத் தொழில்களுக்கு மத்திய அரசு குடுக்குற பதிவு வச்சிருக்கீங்களான்னு முதல்ல பாருங்க. 2020 ஜூலைல இருந்து ஆன்லைன்ல நடக்குது, ஒரு பைசா கட்டணம் கிடையாது, ஏஜென்ட்டுக்கு காசு குடுத்துறாதீங்க. 2006ல வந்த எம்எஸ்எம்இ சட்டம், அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்த எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைக்குள்ள குடுத்தே ஆகணும், ஒப்பந்தமே இல்லன்னா 15 நாள் தான். தாண்டுனா ரிசர்வ் பேங்க் வட்டி விகிதத்துக்கு மூணு மடங்கு, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. இதுக்குன்னே மத்திய அரசோட ஆன்லைன் போர்ட்டல் இருக்கு, அதுல புகார் போட்டா இந்த மாதிரி பாக்கித் தகராறத் தீர்த்து வைக்கிற வசதியாக்க கவுன்சிலுக்குப் போகும், அங்க உங்களுக்கு சாதகமா உத்தரவு வந்து அவங்க அத எதிர்த்து கோர்ட்டுக்குப் போகணும்னா 75 சதவீதம் கட்டிட்டுத் தான் போக முடியும். ஒண்ணு கவனிங்க, பதிவு பண்றதுக்கு முன்னாடி முடிச்சுக் குடுத்த வேலைக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது கஷ்டம், அதனால இன்னும் பண்ணலன்னா இன்னைக்கே பண்ணிருங்க.

ஆனா எடுத்த உடனே புகார்னு போக வேண்டாம், ஒரே ஊர்ல முகத்துல முழிக்கணும்ல. அந்தக் கம்பெனி அக்கவுண்டன்ட்டப் போய்ப் பாருங்க. 2024 ஏப்ரல்ல இருந்து வருமான வரில ஒரு விதி நடைமுறைல இருக்கு, குறு சிறு நிறுவனத்துக்கு அந்தக் கெடுவுக்குள்ள பணம் குடுக்கலன்னா அத அந்த வருஷச் செலவா காட்ட முடியாது, எப்ப குடுக்குறாங்களோ அப்ப தான் காட்டலாம், அதுவரைக்கும் வரி அவங்க தலைல. அத ஆடிட்டருங்க எல்லாருக்கும் தெரியும். உத்யம் சர்டிபிகேட் காப்பியும் பில் லிஸ்ட்டும் கைல குடுத்து தன்மையா கேளுங்க, மார்ச் மாசத்துக்கு முன்னாடின்னா இன்னும் நல்லா காதுல விழும். இனிமே ஒரே கம்பெனி வேலை உங்க மொத்த வேலைல மூணுல ஒரு பங்குக்கு மேல போகாம பாத்துக்கங்க, பழைய பில் நிக்கும்போது அவங்க வெட்டி அனுப்புற புதுத் துணிய தைக்க உள்ள எடுக்காதீங்க. அத சொல்றதுக்கு தைரியம் வேணும், தெரியும், ஆனா வியாழக்கிழமை ராத்திரி நீங்க தூங்கணும்.

கேள்வி: நாகர்கோவில்ல செல்போன் சர்வீஸ் கடை, வயசு 24. தினமும் காலைல மோட்டிவேஷன் வீடியோ பாத்துட்டுத் தான் கடை திறக்குறேன், பதினோரு மணிக்கெல்லாம் அந்த வேகம் போயிடுது. என்ன பண்றது?

பதில்: வீடியோவ விடுப்பா. அதுல பேசுறவருக்கு உன் கடை வாடகை எவ்வளவுன்னு தெரியாது. அந்த அரை மணி நேரத்துல நேத்து வந்த போன்ல முடியாம நிக்கிறது எதுன்னு பாத்து, அதுல லேசான ஒண்ண முதல்ல எடுத்து முடிச்சு அந்தக் கஸ்டமருக்கு போன் போட்டு ரெடின்னு சொல்லு. காலைல பத்து மணிக்கு ஒருத்தர் வந்து காசு குடுத்து நல்லா பண்ணிருக்க தம்பின்னு சொல்லிட்டுப் போனா அது சாயங்காலம் வரைக்கும் தாங்கும். டிஸ்ப்ளே மாத்துறதுல எவ்வளவு நிக்குது, சார்ஜிங் பின் மாத்துறதுல எவ்வளவு நிக்குதுன்னு தனியா எழுதிட்டு வா, ஒரு மாசம் கழிச்சு எனக்கும் அனுப்பு, பாக்கணும்னு ஆசையா இருக்கு.

கேள்வி: கும்பகோணத்துல அப்பா காலத்துப் பாத்திரக் கடை, எனக்கு 58 வயசு. பசங்க வெளியூர்ல வேலைல இருக்காங்க, வர மாட்டேங்கிறாங்க. ரெண்டு வருஷமா உக்கார இஷ்டமே இல்ல. மூடுனா ஊரு என்ன சொல்லும்னு இருக்கு.

பதில்: அண்ணா, நீங்க கேட்டது ஆர்வத்த எப்படித் திரும்பக் கொண்டு வர்றதுன்னு இல்ல, மூடலாமான்னு அனுமதி கேக்குறீங்க. லெட்டர் முழுக்க அது தான் தெரியுது, படிக்கும்போது எனக்கு கண்ணு கலங்கிருச்சு. மூடலாம் அண்ணா. நஷ்டம் வந்து கடன்காரங்க வாசல்ல நிக்கும்போது மூடுறதுக்கும், நல்லா நடக்கும்போதே நாள் பாத்து மூடுறதுக்கும் எவ்வளவோ வித்தியாசம் இருக்கு, உங்களுக்கு ரெண்டாவது கிடைச்சிருக்கு.

அவசரப்படாதீங்க, ஒரு வருஷம் எடுத்துக்கங்க. இன்னைல இருந்து எவர்சில்வர்ல புது சரக்கு போடாதீங்க. வைகாசி, ஆவணி முகூர்த்தத்துல சீர்வரிசைக்குக் கேப்பாங்க, இருக்கிறத அதுல தள்ளிருங்க. பித்தளை, செம்பு எடைக்குப் போனாலும் விலை நிக்கும், அத கடைசியா வச்சுக்கலாம். கடைல வேலை பாக்குறவருக்கு ஆறு மாசம் முன்னாடியே சொல்லிருங்க, அவருக்கு வேற இடம் நீங்களே பேசி வைங்க. ஜிஎஸ்டி நம்பர் இருந்தா அத ரத்து பண்ணதுக்கு அப்புறம் மூணு மாசத்துக்குள்ள ஜிஎஸ்டிஆர் 10னு கடைசி வரிக் கணக்கு ஒண்ணு தாக்கல் பண்ணணும், பல பேரு மறந்துட்டு அபராதம் கட்டுறாங்க, ஆடிட்டர்கிட்ட இப்பவே சொல்லி வைங்க. அப்பா உக்காந்த கல்லாப்பெட்டிய மட்டும் யாருக்கும் விக்காதீங்க அண்ணா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க.