எந்த பிசினஸ் குழுவில் சேரலாம்? கேள்வி பதில்

கே: கோவை கணபதியில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரை அறிமுகப்படுத்திவிடும் பி.என்.ஐ. குழுவில் நண்பர் சேரச் சொல்கிறார். சேரட்டுமா அண்ணா?

ப: உங்களுக்கு ஆர்டர் யார் கையிலிருந்து வருகிறது? பம்பு கம்பெனியின் பர்ச்சேஸ் ஆளிடமிருந்துதானே. வாராந்திர ரெஃபரல் கூட்டத்தில் அவரைப் பார்ப்பது அபூர்வம். ஆடிட்டர், இன்சூரன்ஸ்காரர், கேட்டரிங்காரர்தான் அங்கே அதிகம். உங்களுக்கு முதலில் கொடிசியா மாதிரி தொழில் சங்கம். 1969 முதல் இருக்கிற அமைப்பு. போனதும் ஆர்டர் கேட்காதீர்கள். பக்கத்துப் பட்டறைக்காரருக்கு வேலை கைமீறும்போது உங்கள் ஞாபகம் வந்தால் போதும், பாதி ஜாப் ஒர்க் அப்படித்தான் கைமாறுகிறது. அவர்கள் நடத்தும் இன்டெக் கண்காட்சியில் ஸ்டால் போடுவதற்கு முன் ஒரு தடவை சும்மா சுற்றிப் பாருங்கள். பையில் நீங்கள் லேத்தில் கடைந்த புஷ் (உருளை வடிவ உதிரிபாகம்) இரண்டு இருக்கட்டும். பர்ச்சேஸ் ஆள் அதை விரலால் தடவிப் பார்ப்பார், டாலரன்ஸ், அதாவது அளவில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று கேட்பார். விசிட்டிங் கார்டை அப்புறம்தான் வாங்குவார்.

கே: நான் இன்டீரியர் வேலை செய்கிறேன். எனக்கும் அதே பதில்தானா?

ப: இல்லை, உங்களுக்கு பி.என்.ஐ. பொருந்தும். ஒரு சாப்டரில், அதாவது கிளையில், ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் என்பதால் இடம் காலியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கட்டுமுன் விருந்தினராகப் போய், பில்டர், ஆர்க்கிடெக்ட், வீட்டுக்கடன் வாங்கித் தருபவர் யாராவது இருக்கிறார்களா பாருங்கள். வீடு கட்டுகிறவர் உங்களிடம் வருமுன் அவர்களிடம்தான் போகிறார். அவர்கள் இல்லாத சாப்டர் வேண்டாம். சைட் வேலையென்று வாரா வாரம் மட்டம் போடுவீர்கள் என்றாலும் வேண்டாம், சந்தா தண்டம்.

கே: ரோட்டரி, லயன்ஸ்?

ப: சேவையில் ஆர்வம் இருந்தால் சேருங்கள். ரத்ததான முகாமில் கொட்டேஷன் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

கே: குழுவில் பழகியவர் என்னிடம் பெட்டி செய்து வாங்கிக்கொண்டு மூன்று மாதமாகப் பணம் தரவில்லை. கேட்கச் சங்கடமாக இருக்கிறது சார்.

ப: அவருக்கு இல்லாத சங்கடம் உங்களுக்கு எதற்கு? சரி, உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு இருக்கிறதா? இலவசம்தான், ஆனால் சரக்கு அனுப்புமுன்பே பதிந்திருப்பதுதான் பாதுகாப்பு. குறு, சிறு உற்பத்தியாளருக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் துணை இருக்கிறது: எழுத்தில் என்ன ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. முதலில் இதைச் சொல்லி ஒரு மெயில் போடுங்கள்; மசியாவிட்டால் சிறுதொழில் நிலுவைக்கான அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். அடுத்த பில்லிலிருந்து உத்யம் எண்ணையும் சேர்த்தே அச்சடித்துவிடுங்கள்.