செப்டரா, ஷார்டா?

கேள்வி: டோட்டா 2 என்ற கணினி ஆட்டத்தில் நான் பெரும்பாலும் கிரிஸ்டல் மெய்டன், எர்த்ஷேக்கர் போன்ற சப்போர்ட் (அணிக்குத் துணைநிற்கும்) ஹீரோக்களையே எடுக்கிறேன். தங்கத்தைச் சேமித்து, ஆகனிம் செப்டரைத்தான் முதல் பெரிய ஐட்டமாக வாங்குகிறேன். அப்படியும் தோற்கிறோம், கூட ஆடுகிறவர்கள் என்னையே திட்டுகிறார்கள். ஹீரோவின் திறன்களை மேம்படுத்தும் செப்டர், ஷார்டு இரண்டில் எதை முதலில் வாங்குவது? எல்லா ஹீரோக்களுக்கும் பொருந்தும் ஒரே விதி உண்டா?

பதில்: ஒரே விதி வேண்டுமென்றால் தருகிறேன், ஆனால் அது நீங்கள் எதிர்பார்க்கும் விதியாக இராது. கடைசியாக நடந்த பெரிய சண்டையில், நீங்கள் மேம்படுத்த நினைக்கும் திறனை முழுமையாகப் பிரயோகித்தீர்களா என்று ரீப்ளேயைத் திறந்து பாருங்கள். பிரயோகிக்கவே வாய்ப்பில்லாமல் செத்திருந்தால், அந்தத் திறனுக்கான மேம்பாட்டை இப்போது வாங்காதீர்கள். கல்லறையில் கிடக்கும் ஹீரோவின் அல்டிமேட் (உச்சத் திறன்) எவ்வளவு வலுவானது என்பது எதிரணிக்குக் கவலையே இல்லை.

கிரிஸ்டல் மெய்டனையே எடுத்துக்கொள்வோம். அவளுடைய பனிப்புயலான ஃப்ரீசிங் ஃபீல்டு, 10 நொடி நின்று செலுத்த வேண்டிய திறன். எதிரியின் ஒரே ஒரு ஸ்டன் (ஆளைச் சற்று நேரம் செயலற்றுப்போக வைக்கும் தாக்குதல்) அதை முதல் நொடியிலேயே முறித்துவிடும். பல பேட்சுகளாக (ஆட்டத்தின் புதுப்பிப்புகளாக) இந்த ஹீரோவுக்குச் செப்டர் தந்துவந்த பலன், பனிப்புயலுக்குள் சில நொடிகள் தொடர்ந்து நிற்கும் எதிரிகளை ஃப்ராஸ்ட்பைட்டால் கட்டிப்போடுவது. படிக்கும்போது அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சில நொடிகள் வரை புயல் உயிரோடிருந்தால்தானே கட்டிப்போடுவதற்கு? எதிரணியில் இரண்டு ஸ்டன்கள் மிச்சமிருக்கும்போது 4200 தங்கம் கொடுத்துச் செப்டரை வாங்கியவரைவிட, 4050 தங்கத்துக்கு, ஸ்டன்களைச் சில நொடிகள் தடுக்கும் பிளாக் கிங் பாரை வாங்கிக்கொண்டு செப்டரே இல்லாமல் புயலை முழுதாக நடத்தி முடிப்பவர் அதிகம் சாதிக்கிறார். செப்டர் அதற்கடுத்த கொள்முதல்.

எந்தப் பாகத்தை முதலில் வாங்குவது என்பதிலும் நம்மவர்கள் கோட்டைவிடுகிறார்கள். செப்டர் நான்கு பாகங்களால் ஆனது: 1200 தங்கத்துக்குப் பாயின்ட் பூஸ்டர், தலா 1000 தங்கத்துக்கு ஓகர் ஆக்ஸ், ஸ்டாஃப் ஆஃப் விசார்ட்ரி, பிளேட் ஆஃப் அலாக்ரிட்டி. மாயாஜால ஹீரோ என்ற ஒரே காரணத்துக்காகப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டாஃபில் தொடங்குகிறார்கள். சற்றுக் கணக்குப் போடுங்கள். பாயின்ட் பூஸ்டர் 175 உயிரும், திறன்களைப் பிரயோகிக்கச் செலவாகும் மானா 175-உம் தருகிறது. ஓகர் ஆக்ஸ் தரும் 10 வலிமைப் புள்ளிகளோ, புள்ளிக்கு 22 வீதம் 220 உயிராகின்றன, அதுவும் 200 தங்கம் குறைவாக. முதல் ஆளாகச் சாகிறவர் முதலில் வாங்க வேண்டியது எது என்பதை இனி நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, பிளாக் கிங் பாருக்கும் ஓகர் ஆக்ஸ்தான் ஒரு பாகம் என்பதால், 1000 தங்கத்தைச் செலவழித்த பிறகும் செப்டரா, பாரா என்ற முடிவை அடுத்த சண்டையின் போக்கைப் பார்த்து எடுக்கும் வசதி உங்கள் கையில் இருக்கிறது. மாறாக, 4200 சேரும்வரை ஒன்றும் வாங்காமல் தங்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு திரிந்தால், ஒவ்வொரு சாவிலும் அதில் ஒரு பங்கு கரையும். பாகமாக வாங்கிவிட்ட தங்கம் கரைவதில்லை.

ஷார்டு வேறு ரகம். 2020 டிசம்பரில் 7.28 பேட்சோடு அறிமுகமான இதன் விலை 1400 தங்கம். ஆட்டம் 15 நிமிடத்தைக் கடந்த பிறகே கடையில் கிடைக்கும். வாங்கிய கணமே ஹீரோவோடு கலந்துவிடுவதால் ஐட்டம் வைக்கும் ஆறு இடங்களில் ஒன்றையும் பிடிக்காது. அதற்கு ஈடாக உயிர், மானா, வலிமை என்று ஒரு புள்ளியும் தராது. இந்தக் கடைசிச் செய்தியைத்தான் அவசரத்தில் மறந்துவிடுகிறோம். ஷார்டு தரும் திறன் உங்கள் ஹீரோவுக்கு அற்பமானது என்றால், நீங்கள் 1400 தங்கத்துக்கு வாங்கியது வெறும் திருப்தி. ஆனால் அந்தத் திறன் நல்லதாக அமைந்த ஹீரோக்களுக்கு, ஏழைச் சப்போர்ட்டின் கைக்கு எட்டும் விலையில் இதைவிட மேலான பேரம் கிடையாது. நிமிடத்துக்கு 300 தங்கம் சேர்ப்பவருக்குச் செப்டர் 14 நிமிட உழைப்பு. ஷார்டு ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. 2023 ஏப்ரலில் 7.33 பேட்ச் கொண்டுவந்த டார்மென்டர் என்ற நடுநிலை எதிரியை வீழ்த்தி அணியில் ஒருவருக்கு ஷார்டு இலவசமாகக் கிடைக்கவும் வழி பிறந்தது. ஆகவே, அணி அதற்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவசரப்பட்டுக் காசு கொடுத்து வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

எர்த்ஷேக்கர் கதை இன்னும் சுவையானது, ஏனெனில் அங்கே செப்டருக்கு உண்மையான போட்டி பிளிங்க் டேகர்தான். செப்டர் இருந்தால் என்சான்ட் டோட்டம் என்ற திறனைத் தரையைக் குறிவைத்துப் பிரயோகித்து அந்த இடத்துக்கே தாவலாம். பிளிங்க் இருந்தால் 1200 அலகு தூரத்தை இமைப்பொழுதில் கடக்கலாம். இரண்டும் இடம்பெயர்வுதானே, விலையில் ஏறக்குறைய பாதியான பிளிங்க் போதுமே என்று தோன்றும். ஆனால் இரண்டின் குணமும் வேறு. தாவல் கண்ணுக்குத் தெரியும். வானில் வரும் ஆளைப் பார்த்த எதிரிகள், அவன் அல்டிமேட்டான எக்கோ ஸ்லாம் விழுவதற்குள் சிதறிவிடக்கூடும், அவர்கள் கூட்டமாக நின்றால்தான் அந்தத் திறனுக்கே மதிப்பு. பிளிங்கில் அந்த முன்னறிவிப்பு இல்லை. மறுபுறம், எதிரி ஹீரோவிடம் ஓர் அடி வாங்கினாலே பிளிங்க் மூன்று நொடிக்கு முடங்கிவிடும். தாவலுக்கு அந்தத் தடை இல்லை. ஆக, சண்டையைத் தொடங்கிவைப்பது பிளிங்க், சண்டைக்குள் மீண்டும் மீண்டும் நுழைந்து வெளியேற உதவுவது செப்டர். முதலில் தொடக்கம், பிறகுதான் தொடர்ச்சி என்பது என் கட்சி. எதிரணியில் நஞ்சும் நெருப்பும் போல நொடிக்கு நொடி சேதம் தரும் ஹீரோக்கள் நிறைந்து, உங்கள் பிளிங்க் எப்போதும் முடங்கியே கிடக்கும் ஆட்டத்தில் மட்டும் இந்த வரிசையைத் தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

பொதுவாக ஒன்று சொல்லலாம். ஏற்கெனவே இருக்கும் திறனின் சேதத்தைச் சற்று உயர்த்தும் மேம்பாடுகளைவிட, தனிக் கூல்டவுனோடு (மறுபடி பிரயோகிக்கும்வரை காத்திருக்கும் நேரத்தோடு) புதிய திறன் ஒன்றைத் தரும் மேம்பாடுகளையே நான் நம்புவேன். ஓகர் மேஜாய் என்ற ஹீரோவுக்குச் செப்டர் தரும் இரண்டாவது ஃபயர்பிளாஸ்ட் அப்படிப்பட்டது: இன்னொரு ஸ்டன், அதற்கெனத் தனி நேரக்கணக்கு. கையிருப்பு மானாவில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும் என்பதை மட்டும் கவனத்தில் வையுங்கள். நீண்டுபோன ஆட்டங்களில் இடம் போதாதவர்கள், செப்டரின் மேல் இன்னும் 1600 தங்கம் செலவழித்து அதை ஆகனிம் பிளெசிங்காக மாற்றி ஓர் இடத்தை மீட்டுக்கொள்ளலாம். சப்போர்ட்டுக்கு அந்தக் கவலை வருவது அபூர்வம்.

ஒவ்வொரு பேட்சிலும் இந்த மேம்பாடுகளில் சில தலைகீழாகின்றன. எனவே பழைய பில்டு (எதை எப்போது வாங்குவது என்ற) குறிப்புகளை நம்பாமல், திரையில் திறன்களுக்கு அருகிலேயே இருக்கும் ஆகனிம் சின்னத்தின் மேல் மவுஸை வைத்து, உங்கள் ஹீரோவுக்கு இரண்டும் இன்றைய தேதியில் என்ன தருகின்றன என்று படித்துவிட்டு வாங்குங்கள். எதிரி ஹீரோவைத் தேர்ந்தெடுத்தும் இதையே பார்க்கலாம். அவர் எதை வாங்கியிருக்கிறார் என்பதையும் அந்தச் சின்னம் காட்டிக்கொடுக்கும்.

கூட ஆடுகிறவர்கள் திட்டுவதைப் பற்றி: அவர்கள் கோபம் செப்டர் மீது இராது என்றே சந்தேகிக்கிறேன். சப்போர்ட் அணிக்காக வாங்க வேண்டியவற்றில், எதிரியை உளவு பார்க்க நடும் அப்சர்வர் வார்டுக்குக் காசே இல்லை. மறைந்திருப்பதைக் காட்டும் சென்ட்ரி வார்டும், அணியை மறைக்கும் ஸ்மோக்கும் தலா 50 தங்கம். 4200 சேர வேண்டும் என்பதற்காக இந்த ஐம்பதுகளை நீங்கள் இறுக்கிப் பிடித்திருந்தால், அவர்கள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஒரு ஆட்டத்தில் பத்து சென்ட்ரி வாங்கினாலும் 500 தங்கம்தான். முன் சொன்ன வேகத்தில் அது உங்கள் செப்டரை இரண்டு நிமிடம்கூடத் தள்ளிப்போடாது.