தாத்தாவின் கன்னம் பட்ட கட்டை

கேள்வி: என் தாத்தா கோடியக்கரைப் பக்கம் வேட்டைக்குப் போனவர். அவருடைய .315 ரைஃபிளுக்கு இப்போது என் பெயரில் லைசென்ஸ் இருக்கிறது. நான் ஒரு முறைகூடச் சுட்டதில்லை. அவர் கன்னம் பட்டுப் பட்டே துப்பாக்கியின் மரக்கட்டை வழவழத்துவிட்டது. குழலில் கறுப்பு மெருகு போய்விட்டது. மகன் விற்கச் சொல்கிறான், எனக்கு மனம் வரவில்லை. நிக்கல் முலாம் பூசி, கட்டைக்கு வார்னிஷ் அடித்து ஹாலில் மாட்டப் போகிறேன். ஆயுத பூஜைக்கு மட்டும் இறக்கிச் சந்தனம் வைப்போம். சரிதானே?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: மனம் வராதது சரி. மற்றதெல்லாம் தவறு.

தாத்தா உங்களுக்கு விட்டுப்போனதே அந்த வழவழப்பைத்தான். வார்னிஷ் அடித்தால் அவர் போய், பாலிஷ்காரர் வந்துவிடுவார். கறுப்பு தேய்ந்த இடம் அவர் பிடித்துத் தூக்கிய இடம். அதற்கு நிக்கல் பூசுவது, பாட்டி அரைத்துத் தேய்ந்த அம்மிக்கு டைல்ஸ் ஒட்டுவதுபோல!

தவிர, அது ஆடம்பரத்துக்குப் பிறந்த துப்பாக்கியும் அல்ல. பட்டாளத்தின் .303 தோட்டாவைப் பொதுமக்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால், அந்தப் பட்டாள ரைஃபிளின் அமைப்பையே .315 தோட்டாவுக்கு மாற்றி, மேற்கு வங்கத்து இஷாப்பூர் அரசுத் துப்பாக்கி ஆலையில் செய்தார்கள். உழைக்க வந்த இரும்பு.

ஹாலில் மாட்டினால், வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி "இது எதைச் சுட்டது?" என்பதாகத்தான் இருக்கும். உள்ளான், மடையான் என்று பறவைகளைச் சொல்லிச் சமாளிக்க முடியாது. அவற்றுக்குச் சிதறுரவை போடும் இரட்டைக்குழல் வேண்டும். ரைஃபிள் ஒற்றைத் தோட்டாவில் பெரிய உருப்படியை வீழ்த்துவது. கோடியக்கரையில் அது பெரும்பாலும் வெளிமானாகத்தான் இருந்திருக்கும். 1967-இல் அங்கே சரணாலயம் வந்தது. 1972-இல் வனவிலங்குச் சட்டமும் வந்தது. தாத்தாவை நான் குறை சொல்லவில்லை, அவர் காலம் வேறு. பேரன் அதைச் சுவரில் ஏற்றி வைப்பதுதான் உறுத்துகிறது.

பிரியம் இருக்கிறது என்கிறீர்களே, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கடைசியாக எப்போது கழற்றித் துடைத்தீர்கள்? உங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. ஈரச் சந்தனத்தை இரும்பில் அப்பி விட்டுவைத்தால் சரஸ்வதி காப்பாற்றமாட்டாள், துருதான் பிடிக்கும். தோல் உறையிலும் வைக்காதீர்கள், அது ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குழலுக்கு மெஷின் எண்ணெய், கட்டைக்குத் துளி ஆளிவிதை எண்ணெய், மழைக்காலத்தில் மாதம் இரு முறையாவது. தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டுத் துடையுங்கள்.

லைசென்ஸ் தேதியையும் ஒருமுறை பாருங்கள். காலாவதியானால் பாசம் கணக்கில் வராது. ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்தாக வேண்டும். உங்களுக்கு 70 வயதானாலோ, துப்பாக்கி உங்களிடம் 25 ஆண்டு இருந்தாலோ, மகன் பெயரில் லைசென்ஸ் கேட்க 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. அவனுக்கு விருப்பம் இருந்தால்தான். அடுத்த முறை துடைக்கும்போது அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிக்கலுக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள்.