பாட்டி வீட்டிலிருந்து வந்த பீங்கான் தட்டு, கோப்பைகள் எந்தக் காலத்தவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பினாங்கு ஜோர்ஜ்டவுனில் பாட்டி வீட்டைக் காலி செய்தபோது ஒரு பெட்டி நிறையப் பீங்கான் சாமான் கிடைத்தது என்கிறீர்கள். சில தட்டுகளின் அடியில் சிங்கம், கிரீடம், 'இங்கிலாந்து' என்ற முத்திரை. நூறு வருடம் இருக்குமா, விலை போகுமா, அதில் சாப்பிடலாமா என்பது கேள்வி.

முத்திரையைப் பார்த்தவுடன் வருடத்தை முடிவு செய்யாதீர்கள். ஒரு தட்டில் நான்கு தடயங்கள் கிடைத்தால் அவற்றுள் மிகப் பிந்தியதுதான் செல்லும். முத்திரையில் 1851 என்று இருக்கலாம். அது தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. அதே முத்திரையில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாம் என்ற குறிப்பும் இருந்தால் அந்தத் தட்டு 1950களுக்கு முன் வந்திருக்க வழியே இல்லை. மைக்ரோவேவ் குறிப்பு இருந்தால் இன்னும் பிந்தியது.

முதலில் எல்லாவற்றையும் வெதுவெதுப்பான நீரில், கொஞ்சம் சோப்பு விட்டு, பஞ்சுத்துணியால் கழுவுங்கள். தொட்டியின் அடியில் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். பழைய கோப்பைகளின் கைப்பிடி பெரும்பாலும் தொட்டியில் இடித்துத்தான் உடைகிறது. பிளீச் வேண்டாம். மெருகில், அதாவது மேலே உள்ள கண்ணாடி போன்ற பூச்சில், மயிரிழை வெடிப்பு இருந்தால் பிளீச் அதன் வழியே உள்ளே இறங்கித் தங்கிவிடும், பிறகு மெருகு செதில் செதிலாகக் கழன்றுவரும். தங்க விளிம்பைப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்கவும் கூடாது.

பிறகு இருட்டில் கைப்பேசி விளக்கைத் தட்டின் பின்னால் பிடித்து, முன்னால் விரல்களை விரித்துப் பாருங்கள். நிழல் தெரிந்தால் அது போர்சலின் அல்லது எலும்புச் சாம்பல் கலந்த போன் சைனா; போன் சைனாவில் வெளிச்சம் கொஞ்சம் மஞ்சளாக, இதமாக வரும். ஒன்றும் தெரியவில்லை என்றால் மண்பாண்ட வகை. நம் வீடுகளுக்கு வந்த ஆல்ஃபிரட் மீக்கின், ஜான்சன் பிரதர்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிற்சாலைகளின் தட்டுகளில் பெரும்பாலானவை இந்த மண்பாண்ட வகைதான். தட்டை உள்ளங்கையில் வைத்து நகத்தால் லேசாகத் தட்டுங்கள். சத்தம் மந்தமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம்.

இனி முத்திரை. வெளிநாட்டுப் பொருளில் அதைச் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடப்புக்கு வந்தது. அதனால்தான் 'இங்கிலாந்து' என்ற ஒற்றைச் சொல் இருந்தால் 1891க்குப் பிறகு என்றும், 'இங்கிலாந்தில் செய்தது' என்ற முழுத் தொடர் இருந்தால் பெரும்பாலும் 1920களோ அதற்குப் பிறகோ என்றும் சொல்வார்கள். இதைத் தலைகீழாகப் பயன்படுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. நாட்டின் பெயர் இல்லை, ஆகவே 1891க்கு முந்தியது என்று சொல்ல முடியாது. அது அமெரிக்காவுக்குப் போகும் சரக்குக்கான சட்டம். பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிய சரக்கை அது கட்டுப்படுத்தவில்லை. சிங்கமும் கிரீடமும் அரச குடும்பத்துத் தொடர்புக்குச் சான்று ஆகாது. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் வட்டாரத்துப் பல தொழிற்சாலைகள் அவற்றை அலங்காரமாகவே போட்டுக்கொண்டன.

சாய்சதுரக் கட்டமும் அதன் மூலைகளில் எழுத்துகளும் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அது 1842 முதல் 1883 வரை வழங்கிய பிரிட்டிஷ் வடிவமைப்புப் பதிவுக் குறி. 1867 வரை ஆண்டைக் குறிக்கும் எழுத்து மேல் மூலையில் இருக்கும், 1868 முதல் வலது மூலையில். 1884இல் அது போய், ஒன்றில் தொடங்கும் பதிவு எண் வந்தது. 1900 பிறந்தபோது எண் ஏறக்குறைய 350,000ஐத் தொட்டிருந்தது. இரண்டுமே அந்த வடிவம் பதிவான நாளைத்தான் சொல்லும். அதே வடிவத்தைத் தொழிற்சாலை பல வருடம் அடித்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

நம் வீடுகளில் அதிகம் பார்க்கும் ரோஜாப்பூ சாமானில் இந்தக் குழப்பம் நன்றாகத் தெரியும். ராயல் ஆல்பர்ட்டின் 'ஓல்ட் கன்ட்ரி ரோசஸ்' 1962இல் வந்த வடிவம். அடியில் 1962 என்று இருப்பதால் அந்த ஆண்டுக் கோப்பை என்று விற்கிறார்கள். அது வடிவத்தின் காப்புரிமை ஆண்டு. மிகப் பிந்திய கோப்பைகளிலும் அதே எண் இருக்கும். பின்னாளில் உற்பத்தி இந்தோனேசியாவுக்கு மாறியது, ஆகவே 'இங்கிலாந்து' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ராயல் டால்டன் என்றால் 'ராயல்' என்ற சொல்லே 1901க்கு முன் கிடையாது. 1928 முதல் சில பொருள்களில் கிரீடத்தின் பக்கத்தில் ஒரு சிறிய எண் இருக்கும். அதை 1927உடன் கூட்டுங்கள். 13 என்றால் 1940.

ஜப்பான் சாமானில் 'நிப்பான்' பெரும்பாலும் 1921க்கு முன், 'ஜப்பான்' அதற்குப் பின். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று இருந்தால் இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1952க்குள். நோரிடேக்கே நிறுவன முத்திரையில் மலர்வளையத்துக்குள் 'எம்' எழுத்து போருக்கு முந்தியது. 'என்' எழுத்து 1953இலிருந்து. மேற்கு ஜெர்மனி என்றால் 1949 முதல் 1990க்குள், செக்கோஸ்லோவாக்கியா என்றால் 1918 முதல் 1992க்குள். எனாமல் டிபன் கேரியருக்கும் இதே கணக்குதான். சீனச் சாமானில் 'நாடு' என்ற எழுத்தைத் தேடுங்கள். பெட்டிக்குள் மூன்று கிடைக்கோடு, ஒரு செங்குத்துக்கோடு, ஒரு புள்ளி மட்டும் இருந்தால் அது எளிமையாக்கப்பட்ட எழுத்து. சீன அரசு அதை அச்சுக்குக் கொண்டுவந்தது 1956இல். பெட்டிக்குள் கோடுகள் நெருக்கமாகச் சிக்கலாக இருந்தால் பழைய வடிவம். அது மட்டுமே வயதுக்குச் சான்று ஆகாது, தைவானும் ஹாங்காங்கும் இன்றும் அதைத்தான் எழுதுகின்றன.

பெயரைத் தயாரிப்பாளர் என்று எண்ணி ஏமாறவும் இடம் உண்டு. வைட்டவே லெய்ட்லா என்று இருந்தால் அது கடையின் பெயர். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கிளை வைத்திருந்த பேரங்காடி. செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்து ரயில்வேக் குடும்பங்களிடம் எஃப்.எம்.எஸ்.ஆர். என்று பொறித்த தட்டு இருக்கலாம். அது 1901இல் அமைந்த கூட்டு மலாய் மாநில ரயில்வே. அப்படி ஒன்று கிடைத்தால் பத்திரமாக வையுங்கள். என் பார்வையில் அது முழு ரோஜாப்பூ செட்டைவிடப் பெறுமதியான சரித்திரம்.

அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆகியிருந்தால் அது அச்சு ஒட்டுப்படம், பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. நீல வில்லோ தட்டில் (வில்லோ மரமும் சீனக் காட்சியும் நீலத்தில் உள்ளது) கோடுகளும் குத்துகளும் கலந்து, ஓரத்தில் வரிசை பிசகி ஒட்டிய இணைப்பு தெரிந்தால், செப்புத் தகட்டில் செதுக்கிக் காகிதத்தில் எடுத்து ஒட்டிய பழைய முறை. மயிரிழை வெடிப்பைப் பழமைக்குச் சான்றாக எடுக்காதீர்கள். மண்பாண்டம் நம் ஊர் ஈரத்தை உறிஞ்சி மெல்ல ஊதும், மெருகு ஊதாது, அதனால் விரிகிறது. இருபது வருடத் தட்டிலும் வரும். அடிவளையத் தேய்மானம் நம்பகமானது: நிஜமான தேய்மானம் ஒரு பக்கம் கூடியும் ஒரு பக்கம் குறைந்தும் இருக்கும், கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். ஒரே திசையில் கீறல் என்றால் யாரோ மணல்தாளில் தேய்த்திருக்கிறார்கள்.

இளஞ்சிவப்பு, பச்சை நிறத்தில் பீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும் உள்ள ஞோஞ்ஞா சாமான், அதாவது பெரானாக்கான் சீனக் குடும்பங்கள் வைத்திருந்த பீங்கான், இருந்தால் அவசரப்பட்டு விற்காதீர்கள், அவசரப்பட்டு மகிழவும் வேண்டாம். அசல் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சீனாவின் ஜிங்டேஜென்னில் செய்து வரவழைத்தது, நகல்கள் ஏராளம். ஜோர்ஜ்டவுன் சர்ச் ஸ்ட்ரீட்டில் உள்ள பெரானாக்கான் மாளிகைக்குப் போய் அசலின் நிறத்தையும் கனத்தையும் கண்ணில் ஏற்றிக்கொண்டு வந்து ஒப்பிடுங்கள்.

உலோகச் சாமானில் இரண்டு விஷயம். 'ஈ.பி.என்.எஸ்.' வெள்ளியல்ல, நிக்கல் கலவையின் மேல் வெள்ளி முலாம். வெள்ளீயக் கலவைச் சாமானில் சிலாங்கூர் பியூட்டர் என்று இருந்தால் 1992க்கு முன். அந்த ஆண்டில்தான் பெயர் ராயல் சிலாங்கூர் ஆனது. பித்தளை, எவர்சில்வரில் பெயரும் தேதியும் வெட்டியிருந்தால் அது சீர் கொடுத்த நாள் என்று கொள்ளுங்கள், பாத்திரம் அதற்கு முந்தியது. பீங்கானில் வெட்ட முடியாது என்பதால் விசேஷத்துக்கு இரவல் போகும் தட்டுகளின் அடியில் பெயின்ட் புள்ளி வைப்பார்கள். அதைச் சுரண்டாதீர்கள், எந்தக் குடும்பத்துச் சாமான் என்பதற்கு அதுதான் ஆதாரம்.

சாப்பிடுவது பற்றி: மெருகுக்கு மேல் வரைந்த வண்ணம், அதிலும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், ஈயமோ காட்மியமோ கொண்டிருக்கலாம். விரலால் தடவினால் வண்ணம் மேடாகத் தட்டுப்படும். அப்படிப்பட்டதில் ரசம், புளிக்குழம்பு, ஊறுகாய், எலுமிச்சைச் சாறு ஊற்றவே கூடாது. புளிப்புதான் ஈயத்தைக் கரைக்கிறது. கடையில் கிடைக்கும் தேய்த்துப் பார்க்கும் சோதனைக் குச்சி நிறம் மாறினால் ஒதுக்குங்கள், மாறாவிட்டாலும் அதை முழு உறுதியாக எடுக்க வேண்டாம். குழந்தைகளுக்குப் பழைய வண்ணத் தட்டே வேண்டாம்.

விலை விஷயத்தில், உதிரியான மீக்கின் தட்டுகளுக்குப் பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலோ, வார இறுதியில் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலிலோ சும்மா சுற்றி, அதே வடிவத்துக்கு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். கேட்கும் விலையும் கைமாறும் விலையும் வேறு. உங்களுடையதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டுமானால், முத்திரையைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படம், பக்கத்தில் அளவுகோல் வைத்த முழுத் தட்டின் படம், அடிவளையத்தின் படம், மூன்றையும் போடுங்கள்.