சராசரி ஆளுக்கு எந்தக் கோல்ஃப் பந்து நல்லது? விலை கூடினதை வாங்கினா ஸ்கோர் குறையுமா?

நீங்க கேட்டது இதுதான்: ஒரு ஆட்டத்தை 95க்கும் 105க்கும் நடுவில அடிச்சு முடிக்கிற (அடி குறைஞ்சாத்தான் நல்ல ஸ்கோர்) சாதாரண ஆள் எந்தப் பந்தை வாங்கிறது, விலை கூடினதை வாங்கினா ஸ்கோர் குறையுமா, இல்ல கையில அகப்பட்டதை அடிச்சாக் காணுமா எண்டு. இதுக்கு வழக்கமா வாற பதில் ஒண்டு இருக்கு, "உன்ட ஆட்டத்துக்கு எந்தப் பந்தும் ஒண்டுதான், முதல்ல அடிக்கப் பழகு" எண்டு. எனக்கு நேரிலயே சொல்லியிருக்கிறாங்க. கொழும்பில ஒருத்தர் என்ட பையில கிடந்த மஞ்சள் பந்தை ரெண்டு விரலால தூக்கிப் பாத்திட்டு ஒண்டும் பேசாம திருப்பிப் போட்டவர். அதால இந்தக் கேள்வியக் கண்டதும் தாண்டிப் போக மனம் வரேல்ல.

எந்தப் பந்தும் ஒண்டு இல்ல தம்பி. ஆனா நீங்க வித்தியாசம் தேடுற இடம் ட்ரைவர் அடியா (தூரத்துக்கு அடிக்கிற முதல் அடி) இருந்தா அங்க பெரிசா ஒண்டும் இல்ல. கிறீனை (குழி இருக்கிற, ஒட்ட வெட்டின புல்தரை) சுத்தி ஐம்பது அறுபது யார் தூரம் இருக்கே, அங்கதான் இருக்கு.

நான் திருகோணமலை, உவர்மலை. கணக்குப் படிப்பிச்ச வாத்தி, இப்ப பென்சன். விளையாடுறது சீனக்குடாவில, விமானப்படை நடத்திற ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸில. கோச் இல்ல, கப் வெண்ட ஆளும் இல்ல, ஆனா பந்தைப் பத்தி வாசிச்சும் இருக்கிறன், அடிச்சும் பாத்திருக்கிறன், தராசில நிறுத்தும் பாத்திருக்கிறன் (அந்தக் கதை கீழ வருது). சிங்கிள் ஹேண்டிகேப் காரர், அதாவது நல்லா அடிக்கிற ஆக்கள், யாரும் வந்து திருத்திறதெண்டா தாராளமா திருத்துங்க, ஆனா உங்கட கைக்குச் சரிவாற பந்தை 100 அடிக்கிறவன்ட தலையில கட்டாதீங்க.

அக்காட மகன் டொரன்டோவில இருந்து லீவுக்கு வரேக்க டைட்லிஸ்ட் ப்ரோ வி1 ஒரு பெட்டி கொண்டந்து தந்தவன். அங்க பெட்டி ஐம்பது டொலருக்கு மேல, அமெரிக்க டொலர், நம்மட காசுக்கு ஒரு பந்தே ஆயிரத்துச் சொச்சம் ரூபா வரும். "மாமா, இதை அடிச்சுப் பாருங்க, உங்கட பந்தைத் தூக்கிக் கடல்ல எறிஞ்சிடுவீங்க" எண்டான். சரி பாப்பமெண்டு காலமை வெள்ளண, காத்து எழும்ப முதல், ரெண்டு பேரும் போனம். என்ட ஸ்ரிக்சன் சொஃப்ட் ஃபீல் மஞ்சளையும் அவன்ட வெள்ளையையும் மாத்தி மாத்தி ட்ரைவரால அடிச்சம். போய்ப் பாத்தா எது முன்னுக்குக் கிடக்குது எண்டுறது அடிச்ச விதத்தில இருந்திச்சே தவிர பந்தில இல்ல. நல்லா பட்டா மஞ்சள் முன்னுக்கு, நல்லா பட்டா வெள்ளை முன்னுக்கு. அவனே ஒத்துக்கொண்டவன்.

பிறகு கிறீனுக்கு நாப்பது யார் தள்ளி நிண்டு வெட்ஜால (கிட்டத்து அடிக்கான, முகம் சாய்ஞ்ச மட்டை) அடிச்சம். அங்கதான் ஆட்டம் மாறினது. வெள்ளை விழுந்து, ஒரு துள்ளுத் துள்ளி, ரெண்டாவது துள்ளில புல்லைப் பிடிச்சுக்கொண்டு நிண்டுது. மஞ்சள் அதே இடத்தில விழுந்து, துள்ளி, உருண்டு உருண்டு குழியைத் தாண்டி கிறீன்ட மற்றக் கரைக்குப் போயிட்டுது. நான் குனிஞ்சு வெள்ளையைத் தூக்கிப் பாத்தன், தோலில வெட்ஜ்ட கோடு மெல்லிசா கீறினமாதிரி பதிஞ்சிருந்திச்சு. மஞ்சளில ஒரு அடையாளமும் இல்ல. முழுக் கதையும் அந்தக் கீறலுக்குள்ளதான் இருக்கு.

ப்ரோ வி1 மாதிரி விலை கூடின டூர் பந்துகளுக்கு (தொழில்முறைக்காரர் அடிக்கிற வகை) மேல் தோல் யூரத்தேன், மெதுவான ஒரு பிளாஸ்டிக். வெட்ஜ்ட முகத்தில இருக்கிற பள்ளக்கோடு அதைக் கடிக்கும், கடிச்சா சுழற்சி கூடும், சுழற்சி கூடினா நிக்கும். விலை குறைஞ்ச ரெண்டு துண்டுப் பந்துக்கு, அதாவது உள்ள ஒரு ரப்பர்க் கரு, மேல ஒரு தோல், அவ்வளவுதான், தோல் ஸேர்லின் மாதிரியான ஐயனோமர் பிளாஸ்டிக். அது உறுதி, லேசில வெட்டுப்படாது, ஆனா வெட்ஜ்ல வழுக்கும். ப்ரோ வி1 மூண்டு துண்டு, வி1 எக்ஸ் நாலு துண்டு. துண்டு எத்தின எண்டு எண்ணுறத விட தோல் என்னத்தால எண்டு பாருங்க, பெட்டியில போட்டிருப்பான்.

இன்னொரு கதையும் எல்லா இடத்திலயும் ஓடுது: மெதுவா வீசிறவனுக்கு சொஃப்ட் பந்து, அமுக்கம் குறைஞ்ச பந்து, தூரம் கூடப் போகும் எண்டு. இயந்திரத்தில வச்சு அடிச்சுப் பாத்ததில அப்பிடி இல்ல. வேகம் குறைஞ்ச வீச்சிலயும் இறுக்கமான பந்துதான் கொஞ்சமாவது வேகமாப் போகுது, வீச்சு மெதுவா இருந்தா வித்தியாசம் சின்னன், அவ்வளவுதான். சொஃப்ட் பந்து கைக்கு இதமா இருக்கு, பட் (கிறீனில உருட்டி விடுற அடி) அடிக்கேக்க சத்தம் நல்லா இருக்கு எண்டா வாங்குங்க, அது நியாயமான காரணம். தூரத்துக்காக வாங்காதீங்க. நேராப் போற பந்து எண்டு விக்கிறதும் அப்பிடித்தான், சுழற்சி குறைஞ்ச பந்து ஸ்லைஸை (பந்து பக்கவாட்டில வளைஞ்சு போறது) கொஞ்சம் குறைச்சுக் காட்டும், ஆனா ஸ்லைஸ் வாறது மட்டை போற பாதைக்கு முகம் திறந்து நிக்கிறதால, அதைப் பந்து திருத்தாது.

இப்ப நிறுத்த கதை. ஒன்லைன்ல ஒரு ஆளிட்ட டூர் பந்து மலிவா இருக்கெண்டு ஒரு பெட்டி எடுத்தனான். பெட்டி வடிவா இருந்திச்சு. ஆனா அச்சடிச்ச எழுத்து விரலால உரசக் கலங்கிச்சு, எனக்கு அப்பவே மனசுக்குச் சரியாப் படேல்ல. என்னட்டப் படிச்ச பெடியன் ஒருத்தன் டவுனில நகைக்கடை வச்சிருக்கிறான், அவன்ட தராசில கொண்டுபோய் வச்சன். "சேர், இது பவுண் கணக்கில சொல்லவா கிராமிலயா?" எண்டு கேட்டான். விதிப்படி கோல்ஃப் பந்து 45.93 கிராமுக்கு மேல போகக்கூடாது, அஞ்சே முக்கால் பவுண் எண்டு வச்சுக்கொள்ளுங்க. விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. அந்தப் பெட்டியில ஒண்டு 44 சொச்சம், இன்னொண்டு 46ஐத் தாண்டிப்போட்டுது. ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு கிராம் வித்தியாசம்! மருமகன் தந்த பந்தையும் வச்சுப் பாத்தம், எல்லாம் ஒண்டுக்கொண்டு பத்தில ஒரு கிராம் அளவிலதான் மாறினது.

வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணியிலயும் போட்டுப் பாத்தன். கோல்ஃப் பந்து கடல் தண்ணியில தாழும், அதால குடாவுக்குள்ள போனது போனதுதான், ஆனா வாளித் தண்ணியில சமையல் உப்பை இனிக் கரையாது எண்டுற அளவுக்குப் போட்டுக் கலக்கினா மிதக்கும். மேல வாற இடத்தில பேனையால ஒரு புள்ளி வச்சிட்டு சுத்தி விடுங்க. நல்ல பந்து எண்டா எங்கயாவது நிக்கும். திரும்பத் திரும்ப அதே புள்ளிதான் மேல வருது எண்டா பாரம் ஒரு பக்கமா இருக்கு, அந்தப் பந்தால நீங்க எவ்வளவு நேரா பட் அடிச்சாலும் அது சாயப் பாக்கும். விற்ற ஆளுக்குப் படம் எடுத்து அனுப்பினன், பதிலே இல்ல, காசும் இல்ல. வெளியூர்ல இருந்து எடுக்கிறவன் என்ன செய்வான், கடை வாசல்ல போய் நிக்கவா ஏலும் எண்டு அவங்களுக்குத் தெரியும். எனக்கு இப்பவும் ஆத்திரம் தான்.

பாவிச்ச பந்து வாங்கலாமா எண்டும் யோசிப்பீங்க. வாங்கலாம், கழுவிச் சுத்தமாக்கி விக்கிறது பரவால்ல. திருப்பிப் பெயின்ற் அடிச்சு விக்கிறதை வாங்காதீங்க, பெயின்ற் பந்தில இருக்கிற சின்னச் சின்னக் குழியை மூடும். அந்தக் குழிக்கு அவ்வளவு மரியாதை இருக்கு: 1848ல குட்டா பெர்ச்சாப் பிசினால பந்து செய்யத் தொடங்கேக்க வழுவழுப்பாத்தான் செய்தாங்க, ஆனா அடிபட்டுக் காயப்பட்ட பழைய பந்துதான் நல்லாப் பறக்குது எண்டு விளையாடினவங்களே கண்டுபிடிச்சாங்க, பிறகுதான் வேணுமெண்டே கீறி விட்டாங்க. குழி இல்லாத பந்து கிட்டத்தட்ட அரைவாசித் தூரம்தான் போகும்.

எங்கட பக்கத்து நிலைமையும் சொல்ல வேணும், ஏனெண்டா வெளிநாட்டு ஆக்கள் சொல்ற புத்திமதி எல்லாம் அவங்கட ஈரப்புல்லுக்குச் சொல்றது. இஞ்ச மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் கச்சான் காத்து, மத்தியானத்துக்குப் பிறகு முகத்தில அனல் மாதிரி அடிக்கும், நிலம் காஞ்சு இறுகிப் போகும். சுழற்சி கூடின பந்தை அந்தக் காத்துக்கு எதிரா அடிச்சா மேல ஏறி, அங்கயே நிண்டு, கீழ விழும். அந்த மாதங்கள்ல நான் வெட்ஜை எடுக்கிறதே குறைவு, எட்டாம் நம்பர் அயன் மட்டையால நிலத்தோட உருட்டி விடுறன், உருட்டுற அடிக்கு ரெண்டு துண்டுப் பந்து தாராளம். நுவரெலியாவில விளையாடுறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டன், அது 1,800 மீற்றருக்கு மேல, காத்து மெல்லிசு, பந்து தூரம் போகும், புல்லும் ஈரம், அங்க நிக்கிற பந்துதான் வேணும்.

சரி, உங்களுக்கு எது? ஒரு ஆட்டத்தில எத்தின பந்து துலையுது எண்டு பாருங்க. நாலு அஞ்சு துலையுது எண்டா ஸ்ரிக்சன் சொஃப்ட் ஃபீல், கலவே சூப்பர்சொஃப்ட், டைட்லிஸ்ட் ட்ரூஃபீல், இதில ஒண்டு. இதெல்லாம் பிழையான பந்து இல்ல, யாரும் விரலால தூக்கிப் பாத்தாலும் கவலைப்படாதீங்க. ஒண்டு ரெண்டுதான் துலையுது, கிறீனுக்குக் கிட்ட வந்து தான் அடி வீணாகுது எண்டா ஸ்ரிக்சன் க்யூ ஸ்டார் டூர், டெய்லர்மேட் டூர் ரெஸ்பொன்ஸ் மாதிரி நடுவிலைக்காரன், யூரத்தேன் தோலும் இருக்கு, விலையும் ப்ரோ வி1 அளவுக்கு இல்ல. ஆயிரம் ரூபா பந்தை வச்சுக்கொண்டு தண்ணிக்கு மேலால அடிக்கேக்க கை இறுகிச்சு எண்டா அந்தப் பந்து எவ்வளவு நல்லதெண்டாலும் உங்களுக்கு உதவாது. மருமகன் அண்டைக்கு தண்ணி வந்த இடமெல்லாம் பையுக்குள்ள பழைய பந்தைத் தேடினவன், நான் கண்டன். நிறத்தில மஞ்சள் எடுங்க, 2019ல இருந்து துலைஞ்ச பந்தைத் தேட மூண்டு நிமிசம்தான், காஞ்ச புல்லுக்குள்ள வெள்ளை தெரியாது.

எதை எடுத்தாலும் அதையே அடிங்க. முதல் குழிக்கு ஒண்டு, பத்தையில பொறுக்கினது ஒண்டு எண்டு மாத்தி மாத்தி அடிச்சா சிப் (கிறீனுக்குக் கிட்ட நிண்டு அடிக்கிற சின்ன அடி) எவ்வளவு உருளும், பட் எவ்வளவு போகும் எண்டு கைக்கு எப்பவும் பிடிபடாது. 72 பாரில, அதாவது ஒரு ஆட்டத்துக்கு வச்சிருக்கிற அடிக்கணக்கில, 36 அடி பட்டுக்கெண்டே கணக்கு வச்சிருக்கிறாங்க, பாதி ஆட்டம் அது. எந்தப் பந்தும் ஒண்டெண்டு சொல்றவங்க இதை யோசிக்கிறதே இல்ல.

இதுக்குக் கீழ வந்து "கோல்ஃப் பணக்காரன்ட விளையாட்டு, உங்களுக்கு ஏன் இந்தக் கதை" எண்டு எழுதப் போறவங்களுக்கும் ஒண்டு. நான் பென்சன் காசில ரெண்டாம் கை மட்டையோட விளையாடுறன், எங்கட பெடியள் பை தூக்கித் தூக்கியே பாத்துப் பழகி என்னை விட நல்லா அடிக்கிறாங்கள், அவங்களுக்கு நல்ல பந்து ஒண்டு கையில குடுக்க ஆள் இல்ல. கிரிக்கெட் பந்து எண்டா இந்த ஊரில சாமான் கடையிலயும் இருக்கு, ஒரு கோல்ஃப் பந்து வாங்கிறதுக்கு நான் கொழும்புக்குப் போற யாரையாவது பிடிச்சுக் கெஞ்ச வேண்டியிருக்கு. திருகோணமலையில, மட்டக்களப்பு எண்டாலும் பரவால்ல, ஒழுங்கான பந்து விக்கிற கடை யாருக்கும் தெரிஞ்சா கீழ எழுதுங்க, மஞ்சள் இருந்தா இன்னும் நல்லம்.