மகள் ஜப்பானிய வரலாறு படிக்க விரும்புகிறாள்: பெற்றோருக்கு

நல்ல படிப்புதான். ஆனால் இளங்கலை 3, முதுகலை 2, அதன்பின் ஜப்பானில் ஆய்வு மாணவராகவும் முனைவர் பட்டத்துக்கும் சேர்த்து நான்கைந்து ஆண்டுகள் என்று எப்படியும் பத்தாண்டு பிடிக்கும். அதுவரை பொறுக்க வீட்டுச் சூழல் இடம் தருமா என்பதை முதலில் மகளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

மொழியை நினைத்து மலைக்க வேண்டாம். தமிழைப் போலவே அதிலும் வினை கடைசியில்தான் வரும். ‘தோக்கியோ நி இத்தா’ என்பதில் உள்ள ‘நி’, நம் ‘கு’ உருபுதான். சிக்கல் ‘இத்தா’வில் இருக்கிறது. போனேன், போனாய், போனார், போனார்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். எழுவாயும் இல்லாத அரசியல் கடிதமானால், போனவர் யார் என்று அறிய முன்பின் கடிதங்களைப் படித்தாக வேண்டும். ஊகித்து எழுதினால் வரலாறே பிழையாகிவிடும்.

ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் (என்5 தொடக்க நிலை, என்1 உச்ச நிலை) என்1 தேறியதும் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தேர்வு கொள்குறி வினாக்கள் மட்டுமே. எழுதவும் பேசவும் சொல்வதில்லை. 1946 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் கான்ஜியின் (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) பழைய வடிவங்கள் வரும். மெய்ஜி காலக் (1868–1912) கடிதங்கள் ‘சோரோபுன்’ என்ற பழைய நடையில், ‘குசுஷிஜி’ என்ற கூட்டெழுத்தில் இருக்கும். ஜப்பான் தேசிய நாடாளுமன்ற நூலகத்தின் மின்தொகுப்பில் ஏராளமான மூலங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வாரம் ஒரு பக்கம் கையால் படியெடுத்து, அச்சிட்ட பதிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

தேதியிலும் கவனம் வேண்டும். சந்திர நாட்காட்டியைக் கைவிட்டபோது மெய்ஜி 5 (மெய்ஜி ஆட்சியின் ஐந்தாம் ஆண்டு), பன்னிரண்டாம் மாதம் 2ஆம் நாளுக்கு மறுநாள் 1873 ஜனவரி 1 ஆனது. அதற்கு முந்தைய கடிதத் தேதிகளை மாற்றாமல் எழுதினால் பல வாரங்கள் பிசகும். பெயர்களும் அப்படியே: மெய்ஜி கால அரசியல் தலைவர் கிடோ தகாயோஷியின் பெயரை அதே எழுத்துகளில் ‘கோயின்’ என்றும் படிப்பார்கள். அட்டவணையில் இருவராகிவிடுவார்.

சேர்க்கைக்கு: டெல்லி ஜே.என்.யூ.வில் ஜப்பானிய மொழி இளங்கலை உண்டு, சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். முதுகலைக்குப் பின் மெக்ஸ்ட் (ஜப்பான் அரசின் கல்வி அமைச்சகம்) ஆய்வு உதவித்தொகைக்கு ஜப்பான் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். 35 வயதுக்குள் இருக்க வேண்டும். அங்கே பலரைக் கவிழ்ப்பது ஆய்வுத் திட்டம். ‘மெய்ஜி கால நவீனமயமாக்கல்’ என்று எழுதினால் எடுபடாது. 1893இல் நிப்பான் யூசென் என்ற ஜப்பானியக் கப்பல் நிறுவனம் பம்பாய்க்குக் கப்பல் தடம் தொடங்கியது; ஜப்பானிய ஆலைகளுக்கு இந்தியப் பஞ்சு அதில் போனது. இப்படிக் குறுகலான, இரு நாட்டு ஆவணங்களும் தேவைப்படும் கேள்வியாக இருந்தால் இந்திய மாணவருக்குப் பலம்.

வருமானத்துக்கு நூல் மொழிபெயர்ப்பை மட்டும் நம்ப வேண்டாம். என்2 தேறினாலே ஜப்பானிய நிறுவனங்களில் மொழிபெயர்ப்பு, துபாஷி வேலைகளுக்கு முயலலாம். அந்த வழியைத் திறந்தே வையுங்கள். மொழிபெயர்க்குமுன் பதிப்புரிமையையும் பாருங்கள். ஜப்பானில் 1967 அல்லது அதற்கு முன் மறைந்தவர்களின் எழுத்துகளுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது. 1968இல் மறைந்தவருக்கு 2038 முடியும்வரை உரிமை நீடிக்கும்.

இப்போதைக்கு ஹிரகானா, கதகானா என்ற அடிப்படை எழுத்து வரிசைகள் இரண்டையும் முடித்து, டிசம்பரில் என்5 எழுதட்டும். சென்னையிலேயே மையம் இருக்கிறது; விண்ணப்பம் சில மாதம் முன்னதாகவே மூடிவிடும்.