எம்பிஏவுக்கு முன் எத்தனை வருடம் வேலை பார்க்க வேண்டும்?

கேள்வி: மதுரை இலந்தைக்குளம் எல்காட் ஐடி பூங்காவில் வேலை பார்க்கிறேன். வயது 23. சேர்ந்து 14 மாதம் ஆகிறது. சம்பளம் கைக்கு 26,000 ரூபாய். அப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறார். அக்கா கல்யாணத்துக்கு வைத்த அம்மாவின் நகை இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. 2 லட்சம் பாக்கி. இந்த நவம்பரிலேயே எம்பிஏ நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதச் சொல்கிறார்கள் நண்பர்கள். ஐந்து வருடம் போகட்டும் என்கிறார் மேலாளர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தம்பி, இந்த வருடம் வேண்டாம், ஐந்து வருடமும் வேண்டாம். அடுத்த நவம்பரில் எழுதுங்கள். அதற்கடுத்த ஜூனில் வகுப்பில் உட்காரும்போது உங்கள் கையில் ஏறக்குறைய மூன்று வருட அனுபவம் இருக்கும்.

நண்பர்கள் சொல்வதில் தப்பில்லை. ஐஐஎம் என்னும் மத்திய அரசு மேலாண்மைக் கல்லூரிகளின் இரண்டு வருடப் படிப்புக்கு அனுபவம் கட்டாயமில்லை, கல்லூரி முடித்த கையோடு சேருகிறவர்களும் உண்டு. ஆனால் நான் பார்ப்பது உங்கள் வீட்டுக் கணக்கை. பழைய ஐஐஎம்களில் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 20 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை சுமார் 26,400 ரூபாய். இன்று நீங்கள் வாங்கும் சம்பளத்தையே விழுங்கிவிடும். படிக்கும்போது ஏறும் வட்டியை நான் இதில் சேர்க்கவில்லை. வேலையை விடுவதால் இரண்டு வருடத்தில் போகும் 6,24,000 ரூபாய் வேறு.

இவ்வளவு பெரிய தவணையைத் தாங்கும் வேலை படித்து முடித்ததும் கிடைக்க வேண்டும். நேர்முகத்தில் "வேலையில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். பதினான்கு மாதத்தில் பெரும்பாலும் பயிற்சியும் சொன்னதைச் செய்ததும்தான் இருக்கும். இந்த ஒரு வருடத்தில் நீங்களே பொறுப்பெடுத்து முடித்த ஒரு வேலையாவது இருக்கட்டும். மேலாளரிடம் வாய் விட்டுக் கேளுங்கள்.

ஐந்து வருடம் ஏன் வேண்டாம் என்றால், அதற்குள் சம்பளம் ஏறிவிடும், அதை விட மனசு வராது. வீட்டில் கல்யாணப் பேச்சும் ஆரம்பித்துவிடும். நான்கு வருடம் தாண்டியவர்களுக்கென்றே அகமதாபாத் ஐஐஎம்மில் ஓராண்டுப் படிப்பு இருக்கிறது, ஆனால் இந்தக் குடும்பத்துக்கு அவ்வளவு காலம் காத்திருப்பு தேவையில்லை.

வரிச் சலுகை ஒன்று: கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருடம் வரை கழிவு உண்டு, பழைய வரி முறையில் மட்டும்.

இனி நகை. வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பதை நிறுத்துங்கள். மாதம் 11,000 ஒதுக்கினால், 9 சதவீத வட்டி என்றாலும் இருபது மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். நீங்கள் வகுப்பில் சேரும் நேரமும் அதுதான். கல்விக் கடனோடு நகைக் கடனும் சேர்ந்து அப்பா தலையில் விழக்கூடாது. பூ வியாபாரத்தில் எல்லா மாதமும் ஒன்றுபோல இருக்காது, அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

இந்த வாரமே வங்கிக்குப் போய், மாதாமாதம் அசலில் கொஞ்சம் கட்டலாமா என்று கேளுங்கள். அடகு ரசீதை மறக்காமல் எடுத்துப் போங்கள்.